வீட்டுக்குள் தீட்டிய ஓவியத்தைப் பார்ப்பது எப்படி? பெர்த் மோரிசோவின் ‘தொட்டில்’ வழியாக ஒரு தொடக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் எழுந்த இம்ப்ரெஷனிச ஓவியம் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருபவை அல்லிக் குளமும், மூடுபனியில் தெரியும் துறைமுகமும், வைக்கோற்போரும்தான். ஆனால் அதே கூட்டத்தைச் சேர்ந்த ஓவியர்கள் சாப்பாட்டு மேசையையும், குழந்தையைக் குளிப்பாட்டுவதையும், துணி தேய்ப்பதையும், தையல் வேலையையும் சளைக்காமல் வரைந்தார்கள். இவ்வகைப் படங்களில் புதியவர்களுக்கு உள்ள சிக்கல், அவை மிக எளிதாகப் புரிந்துவிடுவதுதான். தாய், சேய், பாசம் என்று மூன்று சொற்களில் முடித்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். அந்த மூன்று சொற்களுக்குப் பிறகுதான் பார்ப்பதற்கு எதுவுமே தொடங்குகிறது என்பது தெரியாமலே போய்விடுகிறது. ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதை எந்த வரிசையில், எதையெல்லாம் கவனித்துப் பார்க்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அக்கூட்டத்தைச் சேர்ந்த பெண் ஓவியர் பெர்த் மோரிசோ 1872-இல் வரைந்த ‘தொட்டில்’ என்ற அந்தப் படம் இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. முன்னறிவு எதுவும் தேவையில்லை. ஒரு கணினித் திரையும், தாளும் பென்சிலும், இடையூறில்லாத அரை மணி நேரமும் போதும்.

முதல் வேலை: படத்தின் அளவை உணர்தல்

இணையத்தில் ஓவியரின் பெயரையும் படத்தின் பெயரையும் இட்டுத் தேடினால் நூற்றுக்கணக்கான நகல்கள் கிடைக்கும். ஒன்றில் மஞ்சள் தூக்கலாகவும் இன்னொன்றில் நீலம் தூக்கலாகவும் இருக்கும். அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் உள்ள நகலையே முதன்மையாகக் கொள்ளுங்கள். மற்றவற்றை நம்பி வண்ணத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர வேண்டாம். கைப்பேசித் திரை இதற்குப் போதாது. தூரிகைத் தடம் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்க வசதியான பெரிய திரை வேண்டும்.

அடுத்து, பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து 56 சென்டிமீட்டர் உயரமும் 46.5 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு செவ்வகமாக வெட்டி, கண் மட்டத்தில் சுவரில் ஒட்டுங்கள். ‘தொட்டில்’ படத்தின் உண்மையான அளவு அதுதான். விளையாட்டுத்தனமாகத் தோன்றினாலும் இதைத் தவிர்க்காதீர்கள், ஏனென்றால் திரையில் எல்லாப் படங்களும் ஒரே அளவாகத் தெரிவதால் நாம் இழப்பது மிக அதிகம். இந்தச் சிறிய செவ்வகத்தை ஒரே நேரத்தில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அருகில் நின்று பார்க்கலாம், அதற்குமேல் இடமில்லை. அதே கூட்டத்து ஓவியரான மோனே 1868-இல் தொடங்கிய ‘மதிய உணவு’ என்ற படம், இன்று ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் உள்ள ஷ்டேடல் அருங்காட்சியகத்தில் இருப்பது, அதுவும் வீட்டுக்காட்சிதான்; ஆனால் அதன் உயரம் 2.3 மீட்டர். போர்க்களங்களுக்கும் புராணங்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்த அளவில் ஒரு சாப்பாட்டு மேசையை அவர் வரைந்தார். அரசு ஆதரவு பெற்ற சலோன் கண்காட்சியின் தேர்வுக்குழு 1870-இல் அதை ஏற்க மறுத்தது. மோரிசோ தேர்ந்தெடுத்ததோ நெருங்கி வந்தால்தான் முழுமையாகத் தெரியும் அளவு. அளவு என்பது ஓவியர் எடுத்த முடிவுகளில் முதலாவது என்பதை இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் எளிதில் உணரலாம்.

இரண்டாவது வேலை: கண்ணில் படுவதை மட்டும் எழுதுதல்

இப்போது தாளை எடுத்து, படத்தில் இருப்பவற்றைப் பெயர்ச்சொற்களாக எழுதுங்கள். அன்பு, அமைதி, ஏக்கம் போன்ற சொற்களுக்கு இந்தக் கட்டத்தில் இடமில்லை. இடப்புறம் அமர்ந்திருக்கும் ஒரு பெண், கருமையான உடை, கழுத்தில் ஒரு கறுப்பு நாடா, கழுத்தருகிலும் கை நுனியிலும் வெள்ளைப் பின்னல் விளிம்பு, கன்னத்தருகே ஊன்றிய ஒரு கை, தொட்டிலின் விளிம்பில் மெல்லிய வலைத்துணியைப் பற்றிய இன்னொரு கை, வலைக்குப் பின்னால் உறங்கும் குழந்தை, குழந்தையின் மடங்கிய கை, பின்புறம் சன்னல் திரை. நம் வீட்டுத் தூளியைப் போல் துணியே தொட்டிலாகத் தொங்குவதை இங்கே கற்பனை செய்துகொள்ளக் கூடாது: இது தரையில் நிற்கும் தொட்டில், அதன் மேலே உயரத்திலிருந்து வலைத்துணி விரிந்து இறங்குகிறது. படத்தின் வலப்பக்கத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது குழந்தையைவிட இந்தத் துணிதான் என்பது, பட்டியல் போட்டுப் பார்த்தால்தான் பலருக்கும் உறைக்கும்.

பட்டியலில் இல்லாதவற்றையும் ஒரு வரி எழுதிவையுங்கள். பொம்மை இல்லை, மருந்துப் புட்டி இல்லை, சுவரில் படம் இல்லை, வேறு ஆள் இல்லை. அக்காலத்தில் மக்கள் விரும்பிப் பார்த்த குடும்பக் காட்சி ஓவியங்களில் கதை சொல்லும் பொருள்கள் ஏராளமாக இருக்கும்: கீழே விழுந்த கடிதம், காலியான நாற்காலி என்று ஏதேனும் ஒன்று பார்வையாளருக்குத் துப்புக் கொடுக்கும். மோரிசோ அப்படி எதையும் வைக்கவில்லை.

மூன்றாவது வேலை: கோடுகளைத் தேடுதல்

ஓர் அடிக்கோலையோ பென்சிலையோ திரையின்மேல் வைத்து, தாயின் கண்களிலிருந்து குழந்தையின் மூடிய கண்களுக்கு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அது மேலிருந்து கீழாகச் சரியும் ஒரு மூலைவிட்டமாக அமையும். தாயின் மடங்கிய இடக்கையை இப்போது கவனியுங்கள். குழந்தையின் மடங்கிய கை அதற்குக் கண்ணாடி பிடித்தாற்போல் அமைந்திருக்கிறது. பின்னாலுள்ள சன்னல் திரையின் சரிவும் அதே மூலைவிட்டத்துக்குத் துணைபோகிறது. ஏதோ ஒரு நொடியில் எட்டிப் பார்த்தபோது கண்டதைப் போலத் தோன்றும் படம், உண்மையில் எவ்வளவு கணக்காகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது இந்தக் கோடுகளால் விளங்கும். இம்ப்ரெஷனிசம் என்றால் அவசரமாகத் தீட்டுவது என்ற பரவலான எண்ணத்தை இந்த இடத்திலேயே கைவிட்டுவிடலாம்.

வலையைப் பற்றிய கையில் சற்று நேரம் நில்லுங்கள். அந்த வலைத்துணி குழந்தைக்கும் நமக்கும் இடையில் வருகிறது. தாயின் முகத்தைத் தடையின்றிக் காணும் நாம், குழந்தையின் முகத்தை வலையின் ஊடாகத்தான், மங்கலாகத்தான் காண முடிகிறது. ஆகவே இந்தக் காட்சிக்குள் நம்மை வரவேற்பவர்கள் யாரும் இல்லை. தாய் நம்மைப் பார்க்கவில்லை, குழந்தை உறங்குகிறது, பார்க்கவேண்டிய முகத்துக்கு முன்னால் ஒரு திரை இருக்கிறது. படத்தின் நெருக்கம் என்று எல்லோரும் புகழ்வது, நம்மைக் கொஞ்சம் வெளியே நிறுத்திவைப்பதால் கிடைக்கும் நெருக்கம் என்பதே என் கருத்து.

நான்காவது வேலை: வெள்ளைக்குள் இருக்கும் நிறங்கள்

இந்தப் பகுதியில் அவசரப்பட வேண்டாம். படத்தின் உண்மையான திறமை இங்கேதான் இருக்கிறது. முதலில் படத்தின் நகலைக் கைப்பேசியில் சேமித்து, திருத்தும் வசதியைப் பயன்படுத்தி நிறத்தை முழுவதும் நீக்கிக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். இடப்புறம் கருமையான உடை ஒரு கனத்த திரளாகவும், வலப்புறம் துணி ஓர் ஒளித்திரளாகவும் பிரிந்து நிற்பது தெரியும். தாயின் முகம் இந்த இரண்டுக்கும் நடுவில், இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. நம் கண் முதலில் அங்கே போவதற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல, இந்த ஏற்பாடும்தான்.

பின்னர் நிறத்துக்குத் திரும்புங்கள். ஒரு கெட்டி அட்டையில் பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, அதைத் திரைமேல் வைத்து, வலைத்துணியின் வெவ்வேறு இடங்களை அந்த ஓட்டை வழியாக மட்டும் பாருங்கள். வெள்ளை என்று நினைத்தது ஓரிடத்தில் நீலமாகவும், ஓரிடத்தில் சாம்பலாகவும், விளிம்பருகே மெல்லிய ரோஜா நிறமாகவும் இருக்கும். சுற்றியுள்ள நிறங்கள் மறைந்தவுடன் மூளை தன் வழக்கமான திருத்தத்தைச் செய்ய முடியாமல் போகிறது. கண்ணுக்கு வரும் நிறம் அப்படியே தெரிகிறது. இம்ப்ரெஷனிச ஓவியர்கள் செய்த பயிற்சியும் சாரத்தில் இதுதான்: பொருளுக்கு நாம் வைத்திருக்கும் பெயரை விட்டுவிட்டு, அந்த ஒளியில் அது காட்டும் நிறத்தை வைப்பது.

அடுத்து அந்தத் துணியை முடிந்த அளவு பெரிதாக்குங்கள். வலையின் கண்ணிகள் ஒன்றுகூட வரையப்பட்டிருக்காது. மெல்லிய, ஒளி ஊடுருவும் வண்ணப்பூச்சின்மேல் சில நீண்ட தூரிகை இழுப்புகள், மடிப்பு விழும் இடங்களில் சற்றுக் கெட்டியான வெள்ளை, அவ்வளவுதான். குழந்தையின் முகத்திலும் இமை, மூக்கு, வாய் எல்லாம் சுருக்கமாகத் தொட்டுக் காட்டப்பட்டுள்ளன. அதே வேளையில் தாயின் முகமும் கையும் அதிகப் பொறுப்புடன் வடிவமைக்கப்பட்டிருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே படத்துக்குள் எங்கே விவரம் தருவது, எங்கே விட்டுவிடுவது என்ற தேர்வு தொடர்ந்து நடக்கிறது. எது விடப்பட்டிருக்கிறது என்று கேட்கப் பழகுவதே இம்ப்ரெஷனிசத்தை வாசிக்கும் வழி.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. இம்ப்ரெஷனிஸ்டுகள் கறுப்பைத் தொடவே மாட்டார்கள் என்று அறிமுக நூல்கள் பலவும் சொல்லும். தாயின் கழுத்திலுள்ள நாடாவைப் பார்த்த பின்னும் அதை நம்ப முடியாது. ஓவியர் எதுவார் மானேயுடன் நெருங்கிப் பழகியவர் மோரிசோ. மானே கறுப்பை ஒரு நிறமாகவே கையாண்டவர். விதிகளை மனப்பாடம் செய்துகொண்டு படத்துக்கு வருவதைவிட, படத்தில் கண்டதைக்கொண்டு விதியைச் சோதிப்பது நல்லது.

ஐந்தாவது வேலை: இப்போது மட்டும் வரலாற்றைத் திறத்தல்

கண்ணால் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகே வாழ்க்கை வரலாற்றுக்குப் போங்கள். முன்னதாகவே படித்துவிட்டால், படித்ததற்குச் சான்று தேடுவதிலேயே கண் மும்முரமாகிவிடும்.

படத்தில் இருப்பவர் ஓவியரின் அக்கா எட்மா. குழந்தை 1871-இன் இறுதியில் பிறந்த அவருடைய மகள் பிளான்ஷ். அக்கா தங்கை இருவருமே ஓவியர்கள். சேர்ந்தே ஆசிரியர்களிடம் கற்றார்கள், சேர்ந்தே பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்து நகலெடுத்தார்கள், நிலக்காட்சி ஓவியரான கொரோவிடமும் சேர்ந்தே பயின்றார்கள். 1864-இல் சலோன் கண்காட்சியில் இருவரின் படங்களும் இடம்பெற்றன. அரசின் நுண்கலைப் பள்ளியான எகோல் தே போசார் 1897 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை நினைத்தால், தனி ஆசிரியர்களை வைத்து இவர்கள் வந்து சேர்ந்த இடம் எளிதானதன்று. 1869-இல் எட்மா கடற்படை அதிகாரி ஒருவரை மணந்து லோரியான் என்ற துறைமுக நகருக்குப் போனார். அதோடு அவருடைய ஓவிய வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது. தங்கையின் ஓவிய அறையை நினைத்து ஏங்கி அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆக, தூரிகையை விட்டுவிட்ட ஒரு பெண்ணை, தூரிகையை விடாத அவருடைய தங்கை வரைந்த படம் இது.

இதை அறிந்தபின் தாயின் முகத்துக்குத் திரும்பினால், முதலில் கண்ட பாசத்தோடு களைப்பும் யோசனையும் தெரியத் தொடங்கும். அவை உண்மையிலேயே படத்தில் இருக்கின்றனவா, படித்த செய்தி நம் கண்ணில் ஏற்றிவிட்டதா? இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தாளை இரண்டு பத்திகளாகப் பிரித்து, ‘படம் காட்டுவது’ என்று ஒன்றிலும், ‘நான் அறிந்தது’ என்று மற்றதிலும் எழுதுங்கள். கன்னத்தருகே ஊன்றிய கை, சிரிப்பில்லாத வாய், தாழ்ந்த பார்வை ஆகியவை முதல் பத்திக்குரியவை. திருமணம், கடிதங்கள், லோரியான் ஆகியவை இரண்டாவதற்குரியவை. எட்மா வருந்துகிறார் என்று எழுத வேண்டுமானால், அது எந்தப் பத்தியிலும் சேராமல் நடுவில் நிற்கும். அதை ஊகம் என்றே குறித்துவைப்பது நேர்மையானது. களைப்புக்குப் படமே இடம் கொடுக்கிறது என்பேன். வருத்தத்தை நாம்தான் கொண்டுவருகிறோம்.

இந்தப் படம் 1874 ஏப்ரல் 15-ஆம் நாள், பாரிஸில் கபுசின் பெருந்தெருவில் 35-ஆம் எண் கட்டடத்தில், புகைப்படக் கலைஞர் நாதாரின் பழைய கூடத்தில் தொடங்கிய கண்காட்சியில் வைக்கப்பட்டது. சலோனை நம்பியிராமல் ஓவியர்கள் தாங்களே நடத்திய அந்தக் கண்காட்சியில்தான், மோனேயின் ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’ என்ற தலைப்பைக் கேலிசெய்து லூயி லெருவா என்ற பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையால் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற பெயர் பரவியது. மோனேயின் அந்தப் பெரிய சாப்பாட்டு மேசையும் அங்கேதான் இருந்தது. ‘தொட்டில்’ அதிகம் பேசப்படவில்லை. சிலர் அதன் நளினத்தைப் பாராட்டினார்கள், வாங்க ஆள் வரவில்லை. மோரிசோ பிறகு அதை அரிதாகவே காட்சிக்கு வைத்தார். எட்மாவின் குடும்பத்திலேயே இருந்த படத்தை 1930-இல் லூவர் வாங்கியது.

ஆறாவது வேலை: அறையில் இல்லாதவர்களைக் கேட்பது

வசதியான குடும்பத்துப் பெண் ஒருவர் அக்காலப் பாரிஸில் தனியாகக் காபிக் கடையில் போய் உட்கார முடியாது. தெருவில் தனியே ஓவியப் பலகையை விரிப்பதும் பேச்சுக்கு இடமாகும். ஆகவே வீடும் தோட்டமும் உறவுப் பெண்களும்தான் மோரிசோவுக்கு எப்போதும் கிடைத்த களம். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் அந்த வீடுகள் வெறும் ஓய்விடங்களாக இருக்கவில்லை, அங்கே சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள் இருந்தார்கள். மோரிசோ 1874-இல் எதுவார் மானேயின் தம்பி யூஜினை மணந்து, 1878-இல் ஜூலி என்ற மகளைப் பெற்றார். பின்னர், அந்தக் குழந்தைக்குக் கூலிக்குப் பாலூட்டிய செவிலியை ஒரு படமாகத் தீட்டினார். முதற்பார்வையில் அதுவும் தாயும் சேயும்தான். யார் யாருடைய குழந்தைக்குப் பால் கொடுக்கிறார், அதைப் பார்த்துப் படம் தீட்டிக்கொண்டிருப்பவர் யார் என்று தெரிந்ததும், தாய்மை என்ற ஒற்றைச் சொல் அந்தப் படத்துக்குப் பொருந்தாமல் போகிறது. குஸ்தாவ் கைபோத் 1875-இல் தம் குடும்ப வீட்டில் மரத்தரையை இழைத்துச் சீவும் மூன்று தொழிலாளர்களை வரைந்தார். சலோன் அதையும் மறுத்தது. எந்த வீட்டுக்காட்சியைப் பார்த்தாலும், இந்த அறையைத் துடைத்தது யார், இந்தத் துணியைத் துவைத்துத் தேய்த்தது யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இன்னொரு இம்ப்ரெஷனிச ஓவியரான தெகா வரைந்த துணி தேய்க்கும் பெண்களில் ஒருத்தி, கையில் புட்டியுடன் வாயைப் பிளந்து கொட்டாவி விடுவதை அதன்பின் தேடிப் பார்த்தால், பதிலில் ஒரு பகுதி கிடைக்கும்.

ஏழாவது வேலை: இரண்டாவது படம் ஒன்றில் பழகுதல்

கற்ற முறையை உடனே வேறொரு படத்தில் சோதிக்க வேண்டும். அதற்கு ஏற்றது மேரி கசாட் 1893-இல் வரைந்த ‘குழந்தையின் குளியல்’. பென்சில்வேனியாவில் பிறந்து வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிரான்சில் கழித்தவர் அவர். இந்தப் படம் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் உள்ளது. அதன் தளத்தில் நுண்ணிய தெளிவுடைய நகலை இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். செய்தித்தாளில் வெட்டிய செவ்வகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே பார்வைக்கோடு வேறுவிதமாக ஓடுகிறது. பெண்ணும் குழந்தையும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இரண்டு தலைகளும் ஒட்டிக் குனிந்து, தரையிலுள்ள தண்ணீர்த் தட்டையே பார்க்கின்றன. அவர்களுக்கு இடையிலான உறவை முழுக்கக் கைகளே சொல்கின்றன: ஒரு கை குழந்தையின் இடுப்பை வளைத்துப் பிடித்திருக்க, இன்னொரு கை தண்ணீரில் இருக்கும் பாதத்தைக் கழுவுகிறது. நாம் நிற்பது உயரமான ஓரிடத்தில், ஏறக்குறைய அவர்கள் தலைக்கு மேலே. 1890-இல் பாரிஸில் நடந்த பெரிய ஜப்பானிய அச்சோவியக் கண்காட்சி கசாட்டை வெகுவாக ஈர்த்தது. மேலிருந்து நோக்கும் கோணம், தட்டையாக விரியும் கோலங்கள், பட்டைபோட்ட உடை ஆகியவற்றில் அந்தப் பழக்கம் தெரிகிறது. கம்பளம், உடை, சுவர்த்தாள், பின்னாலுள்ள பெட்டி என்று எங்கு பார்த்தாலும் கோலமாக இருக்க, நடுவில் கோலமே இல்லாமல் இருப்பது குழந்தையின் உடல் மட்டும். கண் அங்கே போய் நிற்பதற்கு ‘தொட்டில்’ படத்தில் இருட்டும் வெளிச்சமும் செய்த வேலையை இங்கே இந்த வெறுமை செய்கிறது. கீழ்மூலையில் தண்ணீர்க் கூஜா ஒன்று பெரிதாக நிற்பதையும் விட்டுவிடாதீர்கள்: தண்ணீரைச் சுமந்து வந்து ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டிய வீடு அது.

நேரில் பார்க்கச் செல்பவர்களுக்கு

ஓர்சே அருங்காட்சியகம், 1900-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் 1986 முதல் இயங்குகிறது. திங்கட்கிழமை விடுமுறை, வியாழக்கிழமை இரவு வரை திறந்திருப்பதால் மாலைக்குப் பின் செல்வது வசதி. இம்ப்ரெஷனிசப் படங்கள் ஐந்தாம் தளத்தில் உள்ளன. கூட்டம் பெரும்பாலும் மோனே, ரெனுவா படங்களின் முன்னால்தான் நெருக்கும். ‘தொட்டில்’ சிறிய படம் என்பதால் முதலில் மூன்று மீட்டர் தள்ளி நின்று இருள் ஒளித் திரள்களையும், பிறகு ஓர் எட்டுத் தொலைவுக்கு வந்து வலைத்துணியின் தூரிகை இழுப்புகளையும் பாருங்கள். படத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தால் பிரதிபலிப்பு இடைஞ்சல் செய்யும். ஒரு பக்கமாக நகர்ந்தால் விலகிவிடும். புகைப்படம் எடுப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிளாஷ் கூடாது. படங்கள் வேறு நாட்டுக் கண்காட்சிகளுக்கு இரவலாகப் போவது வழக்கம் என்பதால், நுழைவுச்சீட்டு வாங்குவதற்கு முன்பே அது அப்போது சுவரில் இருக்கிறதா என்பதை அருங்காட்சியகத் தளத்தில் உறுதிசெய்துகொள்வது நல்லது.